வெள்ளை ஞாயிறன்று பேசிய பிள்ளை

கொக்கோ வறுக்கிற நாளில் மதலேனாவின் விரல் நுனிகள் மரத்துப்போகும். சூடு ஆறிவிட்டால் தோல் கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சட்டியிலிருந்து இறக்கிய கையோடு உரித்தாக வேண்டும். அடுப்படி, வீட்டுக்குப் பின்னால் தனிக் கூரையாக இருந்தது. நான்கு கம்பங்கள், மேலே தகரம். சுவர் கிடையாது. புகை எந்தப் பக்கம் போவது என்பதைக் கடல் காற்றுதான் தீர்மானிக்கும்.

எனோசா அவள் காலடியில் உட்கார்ந்து, விழுந்த தோல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைத்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நாளில் மூன்று வயது முடியும். சட்டியில் கொட்டை வெடித்தால் திரும்பிப் பார்ப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான்.

"மதலேனா, என்ன தீயுது?" முன்வீட்டிலிருந்து அகெனேசாவின் குரல் வந்தது.

"தீயல மதினி. கடைசி ஈடு."

"போன வாட்டியும் தீயலன்னுதான் சொன்ன. போதகரம்மா ஒரு வாய் குடிச்சிட்டு கோப்பைய அப்படியே வச்சிட்டாங்க."

மதலேனா தீயைக் குறைத்தாள். அகெனேசா அவள் கணவன் தனியேலுவின் அக்காள். புருஷன் செத்த பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். சவாயித் தீவின் அந்த ஓரத்து ஊரில் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் அக்காள் பாரமாக வருவதில்லை, அதிகாரமாக வருவாள். மீன் வெந்தால் முதல் துண்டு அவளுக்கு. தம்பி குரலை உயர்த்தமாட்டான். வாழ வந்தவளின் இடம் அடுப்படி. மதலேனா வேறு தீவிலிருந்து வாழ வந்தவள்.

அகெனேசா கெட்டவள் இல்லை. ஞாயிறு பள்ளிக்கு அவள்தான் ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது அவள். எனோசாவுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்ததும் அவள்தான்.

போன வாரம் நர்ஸ் லெபேகா வந்திருந்தாள். ஊர்ப் பெண்கள் சங்கக் கட்டடத்தின் உத்தரத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகப் பையில் போட்டு எடை பார்த்தாள். நர்சுக்குச் சமைத்துப் போடும் முறை அன்று வேறொருத்திக்கு. மதலேனா எனோசாவையும் மூத்தவள் ஃபியாவையும் கூட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"பேர் என்ன?" என்று லெபேகா கேட்டாள்.

"எனோசா" என்றாள் மதலேனா.

"உன்னக் கேக்கலம்மா. அவனக் கேட்டேன்."

"எனோசா" என்றாள் ஃபியா. "என் தம்பி. அவன் பேசமாட்டான். பசிச்சா நான்தான் சொல்லுவேன்."

பெண்கள் சிரித்தார்கள். "நீ பேசுறது ரெண்டு வீட்டுக்குப் போதும்டி" என்றாள் ஒருத்தி.

லெபேகா பேசிக்கொண்டே பையன் முதுகுக்குப் பின்னால் கரண்டியைக் கீழே விட்டாள். அவன் சட்டென்று திரும்பினான். காது நன்றாகத்தான் இருந்தது.

"எதாவது வேணும்னா விரல நீட்டிக் காட்டுவானா?"

"என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவான் சிஸ்டர். போயி, என் கைய எடுத்து சாமான் மேல வைப்பான்."

"வைக்கும்போது உன் மூஞ்சியப் பாப்பானா?"

மதலேனா யோசித்தாள். இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "கையத்தான் பாப்பான்" என்றாள்.

"எங்க வீட்டு மனுஷன் நாலு வயசு வரைக்கும் ஊமை மாதிரிதான் இருந்தாராம்" என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். "இப்ப ஊர்க் கூட்டத்துல அவர் வாய அடைக்க ஆளில்ல. இவன இப்பவே அவசரப்படுத்தாதீங்க சிஸ்டர், அனுபவிச்சுட்டுச் சொல்றேன்."

லெபேகாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் மதலேனாவைக் கூரையின் ஓரத்துக்குத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அவ சொல்றது பொய்யில்ல. லேட்டாப் பேசுற பிள்ளைங்க நெறைய பேரு தானாவே பேசிருவாங்க. ஆனா இவன் பேசல, விரல் நீட்டல, கூப்பிட்டாலும் திரும்பல. மூணும் சேந்து வருது. ஆட்டிசம்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா?"

"இல்ல."

"நோய் கிடையாது. சாபமும் கிடையாது. பிள்ளையோட மூளை வேற தினுசா வளரும், அவ்வளவுதான். இவனுக்கு அதுதான்னு நான் சொல்லல. இருக்கான்னு பாக்கச் சொல்றேன். இருந்துச்சுன்னா இப்பவே சொல்லிக் கொடுக்க ஆரம்பிக்கணும். இப்ப ஆரம்பிக்கிறதும் பள்ளிக்கூடம் போற வயசுல ஆரம்பிக்கிறதும் ஒண்ணில்ல."

நியூசிலாந்திலிருந்து பிள்ளைகளுக்கான டாக்டர் ஒருத்தி தலைநகர் ஆஸ்பத்திரிக்கு வருகிறாளாம். வெள்ளை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை. "அடுத்து எப்ப வருவாங்கன்னு எனக்கே தெரியாது. போயிரு" என்றாள் லெபேகா.

அன்று சாயங்காலம் தனியேலு தோட்டத்திலிருந்து வந்தான். காவடிக் கம்பின் இரு முனையிலும் சேப்பங்கிழங்கு. தோளில் கம்பு அழுத்திய இடம் சிவந்திருந்தது. மதலேனா தண்ணீர் மொண்டு ஊற்ற, அவன் குனிந்து கழுவிக்கொண்டான். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"கப்பல் ஏறிப் போகணுமா?"

"எங்க அக்கா வீட்டுல தங்கிக்கலாம். காலையில போயிட்டு மறுநாள் வந்துரலாம்."

"எங்க அக்காகிட்ட சொன்னியா?"

"நீங்க சொல்லுங்க."

"அது என்ன சொல்லும்னு உனக்குத் தெரியாதாக்கும்." அவன் முகத்தைத் துடைத்தான். பிறகு, "சொல்லிப் பாக்கிறேன்" என்றான்.

சாப்பிடும்போது சொன்னான். அகெனேசா சேப்பிலையில் பொதிந்து வெந்த தேங்காய்ப்பாலை விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"பெரியவங்க பேசுற இடத்துல பிள்ளைங்க வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே வளக்குறோம். ஒண்ணு ஒழுங்கா வாய மூடிட்டு இருக்கு. அதுக்கு வைத்தியமா?"

"சிஸ்டர் சொல்றாங்க அக்கா."

"சிஸ்டர் சொல்லுவா. அவளுக்கு நான்தான் அட்சரம் சொல்லிக் கொடுத்தேன். அப்ப மூக்கு ஒழுகிட்டு நின்னா." இலையை மடித்தாள். எனோசாவைப் பார்த்தாள். அவன் கூரைக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. வெள்ளை ஞாயிறு முடியட்டும். அப்புறம் போயிட்டு வாங்க."

அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று மதலேனா எதிர்பார்க்கவில்லை. அன்றே கூடையில் பாயையும் பையனின் நல்ல சட்டையையும் எடுத்து வைத்தாள்.

வெள்ளை ஞாயிறு பிள்ளைகளின் நாள். ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளை எதுவானாலும் அன்று வெள்ளை உடுத்திச் சபையின் முன்னால் நின்று ஒரு வரியாவது மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தால் வீட்டில் அவர்களுக்குத்தான் முதல் பந்தி. பெரியவர்கள் பரிமாறுவார்கள், கேட்டதைக் கொடுப்பார்கள்.

அதற்கான பயிற்சி அகெனேசாவின் முன்வீட்டில்தான். மாலை ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் வந்து பாயில் உட்காருவார்கள். பாட்டுகளை அகெனேசாவே கட்டியிருந்தாள். ஃபியாவுக்குக் கிடைத்தது பெருவெள்ளத்தைப் பற்றியது, ரொம்ப நீளம். ஃபியாவுக்கு ஊர்வம்பு பேச வரும், மனப்பாடம் வராது. இரண்டாவது வரியிலேயே கையைத் தூக்கித் தலையைச் சொறிவாள். அகெனேசா தொண்டையைச் செருமி, "கையக் கீழ விடு ஃபியா. சத்தமா" என்பாள். தினமும் அதே இடம், அதே செருமல். எனோசா மேசைக்கு அடியில் கிடந்து மேசைக்காலைத் தடவிக்கொண்டிருப்பான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மதலேனா அவனைக் குழாயடியில் நிறுத்திக் குளிப்பாட்டினாள். மழை வருகிற மாதிரி இருந்தது. மண்ணடுப்புக்கான கல்லைத் தனியேலு அந்தப் பக்கம் குவித்துக்கொண்டிருந்தான். தலையில் தண்ணீர் ஊற்றியபோது பையன் சொன்னான்:

"மழை வந்தது, ஆறு பெருகியது."

அவள் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது.

"மலையும் நீருக்குள் முழுகியது" என்றான். மேலே மேலே சொன்னான். ஒவ்வொரு எழுத்தும் கழுவி வைத்தது போலத் தெளிவாக இருந்தது. அவனுக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் கரகரப்பான, சின்னக் குரல். அவள் சோப்பு நுரையோடு அவனைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்கு ஓடினாள். வாழ வந்த இத்தனை வருஷத்தில் ஈரக்காலோடு அந்தப் பாயை அவள் மிதித்தது அன்றுதான்.

"மதினி, பேசுறான். பேசுறான் மதினி."

அகெனேசா எழுந்து நின்றுவிட்டாள். "எங்க, சொல்லு ராசா. அத்தைக்கிட்ட சொல்லு."

அவன் சொல்லவில்லை. அத்தையின் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தான். "சொல்லுடா", "ஒரு தடவ", "மிட்டாய் தரேன்" என்று எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஃபியா விளையாட்டாக, "மழை வந்தது" என்று எடுத்துக் கொடுத்தாள். மூடியைத் திறந்தது போல மீதி முழுவதும் அவனிடமிருந்து கொட்டியது.

"நாளைக்கு இவளோட இவனும் நிக்கட்டும்" என்றாள் அகெனேசா. அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் சபைக்குள் காற்றே இல்லை. வெள்ளைச் சட்டைகள், வெள்ளைத் தொப்பிகள், ஓலை விசிறிகள். ஃபியா முன்னால் போய்த் தம்பியின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "மழை வந்தது" என்றாள். அத்தோடு அவள் வேலை முடிந்தது.

எனோசா தன் காலைப் பார்த்தபடி சொன்னான்.

"மழை வந்தது, ஆறு பெருகியது.
மலையும் நீருக்குள் முழுகியது."

நிறுத்தினான். தொண்டையைச் செருமினான். "கையக் கீழ விடு ஃபியா. சத்தமா" என்றான். அச்சு அசல் அகெனேசா. பிறகு,

"கதவைத் தட்டியவர் எத்தனை பேர்,
கைவலிக்கத் தட்டியவர் எத்தனை பேர்"

என்று தொடர்ந்தான்.

சபை கூரை அதிரச் சிரித்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். ஆண்கள் தொடையில் தட்டினார்கள். "அகெனேசாவுக்கு வாரிசு வந்துட்டான்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. மதலேனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அகெனேசா மட்டும் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். கூச்சம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வீட்டில் பாய் விரித்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். சூடான கல்லில் வெந்த பன்றி, ஈரப்பலாக்காய், கோழி, கொக்கோ போட்ட அரிசிக்கஞ்சி. தனியேலு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறினான். அகெனேசா எனோசாவின் முன்னால் மண்டி போட்டாள்.

"என்ன வேணும், கேளு. இன்னைக்கு நீ சொல்றதுதான் சட்டம். கோழியா? கஞ்சியா? அத்தைக்கு உத்தரவு போடு."

எனோசா எழுந்தான். அத்தையைச் சுற்றிக்கொண்டு நடந்து மதலேனாவிடம் வந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், அவள் கையை எடுத்துத் தண்ணீர் ஜாடியின் மேல் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. காத்திருந்தான்.

சுற்றிலும் ஒரே பேச்சு. மதலேனா தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்தான். காலிக் கோப்பையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.

பெரியவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியபோது அகெனேசா பேச்சை எடுத்தாள். "ஏன் தனியேலு, இனிமே கப்பல் எதுக்கு? ஊரே கேட்டுச்சு. இவ்வளவு பேசுற பிள்ளைய நாளன்னைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா சபையில என்ன நெனப்பாங்க?"

தனியேலு மதலேனாவைப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?"

அக்காள் முன்னால் அவன் அவளைக் கருத்துக் கேட்டது அபூர்வம். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கேட்டிருப்பான் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறாள். அன்று அவளுக்கும் ஆசையாக இருந்தது. முதுகில் தட்டிக்கொடுத்த கைகளின் சூடு இன்னும் ஆறவில்லை.

"மதினி சொல்றது சரிதான்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது துறைமுகத்துக்குப் போகிற பஸ் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வீட்டைக் கடந்து போனது. மதலேனா கொக்கோ இடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கூடையிலிருந்த சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

லெபேகா மறுபடி வந்தபோது தராசில் பிள்ளை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. சத்தத்துக்கு மேலே கேட்டாள். "போனியா?"

"இல்ல சிஸ்டர். பேச ஆரம்பிச்சுட்டான். வெள்ளை ஞாயிறன்னைக்கு முழுசாச் சொன்னான்."

"நானும் கேள்விப்பட்டேன். ஊரு பூரா அதுதான் பேச்சு." அவள் அழுகிற பிள்ளையைப் பையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுத் தட்டினாள். "மனப்பாடம் சரி. தண்ணி வேணும்னா தண்ணின்னு கேக்குறானா?"

ஃபியா வாயைத் திறந்தாள். மதலேனா அவள் தொடையில் கிள்ளினாள்.

"கேக்குறான் சிஸ்டர்."

"அப்ப சந்தோஷம்" என்றாள் லெபேகா. உண்மையிலேயே சந்தோஷப்பட்டாள். அந்த முகத்தை மதலேனாவால் மறக்க முடியவில்லை. அடுத்த மழைக்காலத்தில் லெபேகாவை வேறு வட்டாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவளுக்கு எடை பார்க்கவே நேரம் போதவில்லை.

எனோசா வளர்ந்தான். பஸ் பாட்டைச் சொன்னான். வானொலியில் வரும் சோப்பு விளம்பரத்தைச் சொன்னான், புயல் எச்சரிக்கையை வாசிப்பவரின் குரலிலேயே வாசித்தான். வந்தவர்களிடமெல்லாம் அகெனேசா அவனைச் சொல்ல வைத்தாள். விருந்தாளிகள் அசந்துபோவார்கள். அவர்கள் போன பிறகு அவன் மதலேனாவின் மணிக்கட்டைத் தேடி அடுப்படிக்கு வருவான். ஒருமுறை காதுக்குள் சீழ் கோர்த்து இரண்டு நாள் தலையைக் கம்பத்தில் மோதிக்கொண்டே இருந்தான். எங்கே வலிக்கிறது என்று அவனால் சொல்ல முடியவில்லை. தலையணையில் சீழ் பட்ட பிறகுதான் காது என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளும் மதலேனாவும் சாப்பிடவில்லை. அப்போதாவது போயிருக்கலாம். கொக்கோ அறுவடை, பிறகு ஊரில் ஒரு சாவு, பிறகு இன்னொரு வெள்ளை ஞாயிறு. அந்த வருஷமும் அவன் சொன்னான், இன்னும் நீளமாக.

பள்ளியில் சேர்த்த முதல் நாள் ஆசிரியை பெயர் கேட்டாள். "கையக் கீழ விடு ஃபியா" என்றான். பிள்ளைகள் சிரித்தன. மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னான். அன்றிலிருந்து பள்ளியில் அவன் பெயர் ஃபியா. உண்மையான ஃபியா அதற்காக இரண்டு பையன்களை அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மாதக் கடைசியில் ஆசிரியை தானே நடந்து வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. இவனுக்கு நான் கத்துக் கொடுக்கிற முறை போதாது. யார்கிட்டயாவது காட்டுங்க" என்றாள். அகெனேசா அவளுக்குக் கொக்கோ கொண்டுவரச் சொன்னாள்.

இந்த முறை தனியேலு யாரையும் கேட்கவில்லை.

தலைநகருக்கு மறுபடி வந்திருந்த அந்த நியூசிலாந்து டாக்டர் பார்த்து, ஆட்டிசம்தான் என்று சொன்னாள். பிறகு அவர்களை இன்னொரு அறைக்கு அனுப்பினாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் அங்கே இருந்தாள். அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்தான், வெளியே போய்ப் படித்துவிட்டு வந்தவள். செருப்பைக் கழற்றிவிட்டு எனோசாவோடு தரையில் உட்கார்ந்தாள். சோப்புக் குமிழி ஊதினாள். அவன் பார்த்தான். குப்பியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து அவன் அவள் கையைப் பிடித்துக் குப்பியின் மேல் வைத்தான். அவள் ஊதினாள்.

"எப்ப பேச ஆரம்பிச்சான்?" என்று கேட்டாள்.

மதலேனா வெள்ளை ஞாயிறைச் சொன்னாள். செருமல், ஃபியா, சிரிப்பு எல்லாவற்றையும். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"இந்த மாதிரிப் பிள்ளைங்க நெறைய பேருக்கு அது உண்டு. கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லுவாங்க. கேட்ட சத்தம் உள்ள இருக்கு, அத வச்சு ஒண்ணு கேக்கலாம், ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லலாம்னு தோணல. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுத்தான் நாங்க ஆரம்பிப்போம். நல்ல சங்கதிதான் அது."

"அப்பவே வந்திருந்தா?" என்று தனியேலு கேட்டான்.

அவள் குப்பியைத் தரையில் வைத்தாள். "அப்பவே ஆரம்பிச்சிருந்தா லேசா இருந்திருக்கும். எவ்வளவு லேசுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்பவும் ஆரம்பிக்கலாம்."

வீட்டில் செய்ய ஒன்று சொல்லிக் கொடுத்தாள். அவனுக்குப் பிடித்த பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார வேண்டும். கொடுக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. பார்வையோ, விரலோ, சத்தமோ, எதையாவது அவன் நம் பக்கம் அனுப்பும்வரை காத்திருக்க வேண்டும். அனுப்பினால் உடனே கொடுத்துவிட வேண்டும்.

திரும்பும் கப்பலில் கடல் கொந்தளிப்பாக இருந்தது. எனோசா தகப்பன் மடியில் தூங்கினான். தனியேலு ரொம்ப நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "எங்க அக்காகிட்ட என்ன சொல்றது?" என்றான்.

"உள்ளதச் சொல்லுங்க."

"அது தாங்காது மதலேனா."

"நான் தாங்கல?" என்றாள். அவன் மடியில் கிடந்த பிள்ளையின் தலையைச் சரிசெய்தான்.

மறுநாள் தூறல். அடுப்படியில் அவள் கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்தபோது அகெனேசா வந்தாள். வெறுங்கால். அடுப்படிக்குள் அவள் வந்து மதலேனா பார்த்ததில்லை. குனிந்து உள்ளே நுழைந்து, உட்கார இடம் தேடி, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்தாள். புகை அவள் பக்கமே போனது.

"தனியேலு சொன்னான்."

"ம்."

"என்னால வந்ததா இதுன்னு அவங்ககிட்ட கேட்டியா?"

"யாராலயும் வர்றது இல்லையாம் மதினி. பிறவியிலயே இருக்குமாம்."

"பிறவிய விடு. போகாம இருந்தீங்களே, அதச் சொல்றேன்."

மதலேனா கத்தியைக் கீழே வைத்தாள். கப்பலில் வரும்போது எத்தனையோ சொல்லிப் பார்த்திருந்தாள், மனதுக்குள். சுரண்டிய கிழங்கை எடுத்துத் தண்ணீரில் போட்டாள்.

"அன்னைக்கு சபையில எல்லாரும் சிரிச்சாங்கல்ல" என்றாள் அகெனேசா. "எனக்குச் சிரிப்பு வரல. பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே கெழவியானவ நான். மனப்பாடம் பண்ற பிள்ளை எது, மத்தவன் வாயக் கடன் வாங்குற பிள்ளை எதுன்னு எனக்குத் தெரியாதா? அவன் சொன்னது என் வாய். நான் விசிறிய மூஞ்சியில வச்சுக்கிட்டேன்."

"அப்புறம் ஏன் மதினி கப்பல் வேண்டாம்னீங்க?"

"நீ அழுதுட்டு சிரிச்ச. இந்த வீட்டுக்கு வந்து நீ அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல." அகெனேசா அடுப்பைப் பார்த்தாள். "அதோட, எனக்கும் பெருமையா இருந்துச்சு. அதையும் சொல்லிடணும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

"நர்சம்மா என்கிட்ட கேட்டாங்க. தண்ணி கேக்குறானான்னு. கேக்குறான்னு சொல்லிட்டேன்."

அகெனேசா அவளைப் பார்த்தாள். நாத்தனாரின் முகத்தில் மதலேனா எதிர்பார்த்த கோபம் இல்லை.

எனோசா தூறலில் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். ஈரப்பலாக்காய் வெந்த மணம் அவனை இழுத்திருக்கும். அகெனேசா இலையில் வைத்திருந்த காயிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். "என்ன செய்யணும்? சொல்லு எனக்கு" என்றாள்.

மதலேனா சொன்னாள். எதிரில் உட்காருவது, கொடுக்காமல் இருப்பது, கெஞ்சாமல் இருப்பது. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைச் "சொல்லு, சத்தமா" என்று அதட்டியவள் வாயை மூடிக்கொண்டாள். துண்டை மடியில் பிடித்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவன் துண்டைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. மதலேனாவின் கையைத் தேடி வந்தான். அவள் கையை விலக்கிக்கொண்டு, கூடையை எடுத்துத் தோளில் மாட்டி, சேப்பிலை பறிக்கக் கிளம்பினாள்.

"நீ போ. நான் இருக்கேன்" என்றாள் அகெனேசா.

தோட்டத்திலிருந்து திரும்பியபோது மழை பிடித்திருந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. அகெனேசா அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பசியோடு அழுதிருப்பான் போல, பையன் முகத்தில் கண்ணீர் காய்ந்த தடம் இருந்தது. அவள் காலருகே தரையில் தூங்கிவிட்டான். துண்டு அவள் கையில் ஆறிக் கெட்டியாகியிருந்தது.

"கேக்கல" என்றாள் மெதுவாக, அவன் எழுந்துவிடாதபடி.

மதலேனா கூடையை இறக்கினாள்.

"ஒரு தடவ என் பக்கம் திரும்பின மாதிரி இருந்துச்சு. என்னையா, எனக்குப் பின்னால மழையையான்னு தெரியல. கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள திரும்பிட்டான்." அகெனேசா கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். "அது அதுதானா மதலேனா? நான் விட்டுட்டேனா?"

அங்கிருந்து பார்க்காதவள் என்ன சொல்ல முடியும். மதலேனா அவள் கையிலிருந்த துண்டை வாங்கி, இலையில் வைத்து, இலையை மூடினாள்.

"தெரியல மதினி" என்றாள்.